வலைக்கயிற்றில் வந்த வண்டி

ஆறு வருடம் அந்த வண்டியில் வாயைத் திறந்து தூங்கியபடி வீட்டுக்குப் போயிருக்கிறேன். அப்போது அது பெங்களூரில் ராத்திரி ஷிப்ட்காரர்களை ஏற்றி இறக்கும் டெம்போ டிராவலர். ஓட்டியது சந்தாபுரா ஜோவிதா. மர்ஃபி டவுனில் என் வீட்டு வாசலில் நிறுத்தி, "சங்கமித்ரா மேடம், எழுந்து போய்த் தூங்குங்க" என்று ஹாரன் அடிப்பாள். அக்கம்பக்கத்துக்காரர்கள் பால் வாங்கப் போகும் நேரம் அது.

நான் வேலையை விட்டதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் யாரோ தொலைத்த கிரெடிட் கார்டுக்கு இங்கே நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தேன். மறுபடி மாட்டவில்லை. அதே சமயம் ஒப்பந்தக்காரர் பழைய வண்டிகளைக் கழித்தார். ஜோவிதாக்கா தன் வண்டியைத் தானே வாங்கிக்கொண்டாள். பொம்மனஹள்ளியில் ஒரு தகரக் கொட்டகையில் வைத்து இருவரும் சீட்டுகளைக் கழற்றி எறிந்தோம். இரண்டு கட்டில், சின்னதாக ஒரு சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, ஜன்னல்களுக்குத் திரை. கூரையை வெட்டி, தூக்கித் திறக்கிற மாதிரி ஒரு கண்ணாடி மூடி வைத்தோம். படுத்துக்கொண்டே வானம் பார்க்கலாம். அந்த மூடிதான் எங்கள் உயிரை எடுத்தது. எத்தனை முறை பசை பூசினாலும் ஒழுகியது. கடைசியாகப் பூசியது பிடித்துக்கொண்டதா என்று தெரிய நல்ல மழை வேண்டும். பெங்களூர் மழையை நம்ப முடியாது. ஜெயநகரில் கொட்டும்போது பொம்மனஹள்ளியில் வெயில் அடிக்கும்.

முதல் வாடிக்கையாளர் அதற்குள் கிடைத்துவிட்டார். மல்லேஸ்வரம் ஆதிகேசவன். மனைவி சரசுவோடு ஆடி கழிந்ததும் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில்களையெல்லாம் பார்த்து வர வேண்டும். லாட்ஜில் தங்க மாட்டார்கள், ஓட்டல் சாப்பாடு ஆகாது. ஒரு மாதத்துக்கு மேல் வண்டியும் ஓட்ட ஆளும் வேண்டும். ஒரே நிபந்தனை: அந்த அடுப்பில் முட்டைகூட வெந்திருக்கக் கூடாது. மீன் இல்லாமல் மூன்று நாள் தாங்காத ஜோவிதாக்கா, நெஞ்சில் சிலுவை போட்டுச் சத்தியம் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைப் பார்க்க வருவதாகச் சொன்னார்.

மறுநாள் திங்கள். அதற்குள் பதில் சொல்லும்படி என் பழைய டீம் லீடர் கிரண் நச்சரித்துக்கொண்டிருந்தான். என் சீட் காலியாக இருக்கிறது, அதே ஷிப்ட். ஆதிகேசவன் சரி என்றால் நான் வண்டிக்காரி. வேண்டாம் என்றால் திங்கட்கிழமை ராத்திரி மறுபடி ஹெட்செட். வீட்டில் அம்மா அப்படித்தான் பேசி முடித்திருந்தாள். நானும் தலையாட்டியிருந்தேன்.

ஆகவே வியாழக்கிழமை சாயங்காலம், ஜூலை மழைக்கு நடுவில், கடலைப் பார்க்கக் கிளம்பினோம். ஜூலையில் கடற்கரைக்கு யாரும் போக மாட்டார்கள். எங்களுக்கு வேண்டியதும் அதுதான். கூட்டம் இல்லை, மழை உண்டு. சிவமொக்கா தாண்டி, சாகரா தாண்டி, மலை இறங்கும் இடத்தில் வானம் கிழிந்தது. வைப்பர் தள்ளத் தள்ளத் தண்ணீர். கூரை மூடிக்கு நேர் கீழே கட்டிலில் ஒரு செய்தித்தாளை விரித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. நான் கத்திய கத்தலில் அக்கா பிரேக்கில் காலை வைத்துவிட்டாள்.

"காஞ்சிருக்குக்கா. பேப்பர் காஞ்சே இருக்கு."

"அதுக்கு ஏண்டி இப்படி? நான் ஏதோ ஆன இடிச்சுருச்சுன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு அவளும் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

போய்ச் சேர்ந்த ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த சனிக்கிழமை பெங்களூரே அங்கே போய் நிற்கும். கர்நாடகக் கரையின் வடக்குக் கோடி, கார்வாருக்குக் கொஞ்சம் முன்னால். அவ்வளவு போதும். விடிந்துகொண்டிருந்தது. ஒரே கடைத்தெரு, அதில் முக்கால்வாசிக் கடைகள் நீலத் தார்ப்பாய் போர்த்திக் கட்டிக் கிடந்தன. டால்பின் காட்டுகிறோம் என்று எழுதிய பலகைக்கு யாரோ சாக்கு மாட்டியிருந்தார்கள். லாட்ஜ் மாடியில் மெத்தைகள் சுருட்டி அடுக்கியிருந்தன. கழிமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. மழைக்காலத்தில் இன்ஜின் போட்ட படகு கடலுக்குப் போகக் கூடாது, அதனால் ஐஸ் பேக்டரியும் மூடிக் கிடந்தது. ஒரு நாய் நடுரோட்டில் படுத்திருந்தது. அக்கா ஹாரன் அடித்தாள். நாய் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. சுற்றிக்கொண்டு போனோம். ஊர் முழுக்க எங்களுக்கு என்று வாடகைக்கு எடுத்தது மாதிரி இருந்தது.

தெருவின் முடிவில் தென்னைகள், அதற்கு அப்பால் மணல். மழை நின்றிருந்தது. கடல் எங்கோ தள்ளி உறுமிக்கொண்டிருந்தது. நடுவில் ஈரமான, இறுகிய, சிமென்ட் தரை போன்ற சமமான வெளி. அக்கா இறங்கி காலால் உதைத்துப் பார்த்தாள். குதித்துப் பார்த்தாள். "ஹொசூர் ரோட்ட விட நல்லா இருக்கு" என்றாள். ஓட்டிக்கொண்டு போய், பின்கதவு கடலைப் பார்க்கும்படி நிறுத்தினோம்.

எங்களை முட்டாள்கள் என்று சொல்வதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள். பெங்களூரில் தண்ணீர் மேலேயிருந்து விழும். சில்க் போர்டு சந்திப்பில் இடுப்பளவு நிற்கும். பிறகு வடியும். வடிந்தால் முடிந்தது, அதன் மேல் வண்டி ஓட்டலாம். வடிந்த தண்ணீர் அதே நாளில் தானாகத் திரும்பி வரும் என்பது எங்கள் இருவர் புத்தியிலும் இல்லை. தரை ஈரமாக இருந்ததைப் பார்த்தோம். மழை பெய்தது, ஈரமாக இருக்கிறது என்று நினைத்தோம்.

பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு டீ குடித்தோம். ஆதிகேசவனுக்குக் கொடுத்த வாக்குப்படி உப்புமா கிளறினோம். அக்கா கடலைப் பார்த்துக்கொண்டே, அதில் இருக்கிற மீன்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி உப்புமாவை விழுங்கினாள். அப்புறம் தூங்கிவிட்டோம். விடிந்ததும் தூங்குவது எங்கள் இருவருக்கும் உடம்பில் ஊறிய வியாதி. வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் விழித்திருப்பார்கள்.

என்னை எழுப்பியது ஒரு சத்தம். வண்டிக்கு அடியில் யாரோ துணி அலசுகிற மாதிரி.

"பைப்பு லீக்குடி" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். "வாஷர் மாத்தச் சொன்னேன்ல."

பின்கதவைத் திறந்தேன். கடல் படிக்கட்டில் இருந்தது.

அக்கா கட்டிலிலிருந்து நேராக டிரைவர் சீட்டுக்குப் பாய்ந்தாள். இன்ஜின் உடனே எழுந்தது. பின்சக்கரங்கள் சுழன்றன, ஈர மணலை வாரி இறைத்தன, வண்டி முன்னால் போகாமல் கீழே போனது. கால்மிதிகளைச் சக்கரத்துக்கு அடியில் திணித்தேன். அவை கடலுக்குள் பறந்தன. கட்டிலின் பலகையைக் கழற்றித் திணித்தேன். அது உடைந்தது. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அக்கா இன்ஜினை அணைத்தாள். பாதிச் சக்கரம் மண்ணுக்குள். நாங்கள் பசை பூசி, பலகை அறுத்து, விரலை வெட்டிக்கொண்டு செய்த எல்லாம் அந்த வண்டிக்குள்.

கொஞ்ச தூரத்தில் கரையோரம் ஆட்கள் தெரிந்தார்கள். ஓடினோம்.

முப்பது நாற்பது பேர், ஆணும் பெண்ணும். இரண்டு கூட்டமாகப் பிரிந்து இரண்டு கயிறுகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கயிறுகள் கடலுக்குள் போயின. கையால் துடுப்புப் போடும் படகு ஒன்று அப்போதுதான் வலையைக் கடலில் அரைவட்டமாக இறக்கிவிட்டுக் கரை சேர்ந்திருந்தது. வலையின் ஒரு நுனி ஒரு கயிற்றில், மறு நுனி இன்னொன்றில். இரண்டையும் சமமாக இழுத்தால் நடுவில் சிக்கியது கரைக்கு வரும். சிவப்புத் தொப்பி போட்ட ஒல்லியான ஆள் கவிழ்த்த படகின் மேல் நின்று இரண்டு பக்கமும் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். வலைக்கு அவர்தான் தலைவர், பெயர் நாகேஷ் என்று பிறகு தெரிந்துகொண்டோம். பேச்செல்லாம் கன்னடம்தான். எங்களுக்கு அது பிரச்சினை இல்லை, பெங்களூரில் பிறந்தவர்கள்.

வண்டியைக் காட்டினோம். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்களாம். அவ்வளவு தைரியமாக நிறுத்துகிறார்களே, கடலை அறிந்தவர்களாக இருக்கும் என்று நினைத்தார்களாம்.

ஒரு கையைக் கடலுக்கு நீட்டினார். தண்ணீரில் ஓர் இடம் மட்டும் கறுத்துச் சிலிர்த்துக்கொண்டிருந்தது, மேலே பறவைகள் விழுந்து எழுந்தன. கானாங்கெளுத்திக் கூட்டம். வலை அதைச் சுற்றி விழுந்திருந்தது. இளைஞர்கள் பாதிப்பேர் கோவாவில் வேலைக்குப் போய்விட்டதால் இழுக்கக் கை பற்றவில்லை.

"வண்டி எங்கயும் போகாது" என்றார். "மீன் போயிரும்."

"வண்டிதான் சார் கடலுக்குப் போயிட்டு இருக்கு" என்றாள் அக்கா.

"அப்ப சீக்கிரம் இழு."

அக்கா விடவில்லை. முதலில் வண்டியை வெளியே எடுத்துக் கொடுங்கள், பிறகு வண்டியே உங்கள் வலையை இழுக்கும், இத்தனை பேர் கஷ்டப்பட வேண்டாம் என்று பேரம் பேசினாள். போன வருடம் ஒருவன் டிராக்டர் கொண்டுவந்தான், வலை இரண்டாகக் கிழிந்து வந்தது, மீன் வரவில்லை என்றார் அவர். வலை எங்கே இறுகுகிறது, எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று இன்ஜினுக்குத் தெரியாது. பேச்சு அதோடு முடிந்தது. முதலில் வலை, பிறகு அதே கயிறு வண்டிக்கு. வாக்குக் கொடுக்கிறேன் என்றார். நான் வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். அலை ஒன்று பின்பம்பரைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. எங்கள் இரண்டு பேரால் அதை அசைக்க முடியாது. கயிற்றைப் பிடித்தேன்.

எனக்கு முன்னால் இழுத்த பெண்ணின் பெயர் மாதேவி. சேலையை முழங்காலுக்கு மேல் செருகி, தலையில் பிளாஸ்டிக் உறையைக் கட்டியிருந்தாள். திரும்பாமலே எனக்குப் பாடம் எடுத்தாள். பின்னால் நடந்துகொண்டே இழு. கயிறு முடிகிற இடத்துக்கு வந்ததும் கையை விடு. ஓடிப்போய்த் தண்ணீர் ஓரத்தில் மறுபடி முதலிலிருந்து பிடி. நடுவில் மட்டும் விடாதே, விட்டால் வலையின் ஒரு பக்கம் சாயும், எல்லாம் அந்த வழியாகப் போய்விடும்.

இழுத்தோம். ஒருவர் "ஐசா" என்பார், எல்லோரும் பதில் சொல்லிக்கொண்டே ஓர் அடி பின்வைப்போம். முதல் சுற்றிலேயே உள்ளங்கை எரிந்தது. இரண்டாவது சுற்றில் தோல் உரிந்தது. ஆனால் எனக்கு உள்ளே ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது, மறைக்க ஒன்றும் இல்லை. கயிறு உயிரோடு இருந்தது. அந்தப் பக்கத்தில் ஆயிரக்கணக்கில் எதுவோ முட்டுவது கைக்குத் தெரிந்தது. ஆறு வருடம் ஒரு ஒயரின் மறுமுனையில் இருந்தவர்களை நான் பார்த்ததே இல்லை. இந்தக் கயிற்றின் மறுமுனை என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

கஷ்டம் இழுப்பதில் இல்லை. கயிறு முடிகிற இடத்தில்தான். அங்கே கையை விட்டதும் கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறோம். இடது பக்கம் பார்த்தால் வண்டி. யாரும் நம்மைப் பிடித்துவைக்கவில்லை. முன்னால் ஓடிப்போய்த் தண்ணீரில் இறங்கி மறுபடி பிடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் வண்டி இன்னும் குள்ளமாகத் தெரிந்தது.

மூன்றாவது சுற்றோ நான்காவதோ, நான் கடைசிக்கு வந்தபோது எனக்கு முன்பே கையை விட்ட ஜோவிதாக்கா அங்கேயே நின்றிருந்தாள். முன்னால் ஓடவில்லை. வண்டிக்குள் தண்ணீர் போகத் தொடங்கியிருந்தது. பின்கதவு வழியாக எங்கள் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று மிதந்து வெளியே வந்தது.

"சைலன்சர் முங்கிருச்சுடி. நான் போய் ஸ்டார்ட் பண்ணி வெக்கிறேன். தண்ணி உள்ள ஏறக் கூடாது."

"நீ போனா நானும் வருவேன். ரெண்டு கை போனா இவங்களுக்கு வலை போச்சு. அப்புறம் நமக்கு யாரு இழுப்பா?"

"உனக்கென்ன, திங்கக்கெழம போய் சீட்ல உக்காந்துருவ. எனக்கு இது ஒண்ணுதான்டி."

அவள் சொன்னது உண்மை. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீருக்கு ஓடினேன். அவள் திட்டிக்கொண்டே வந்தாள். சந்தாபுரா பஸ் ஸ்டாண்டில் கேட்கிற வார்த்தைகள் எல்லாவற்றையும் எனக்கும் என் பரம்பரைக்கும் கொடுத்தாள். கயிற்றைப் பிடித்ததும் திட்டுவது நிற்கவில்லை, ஆனால் "ஐசா"வோடு தாளம் சேர்ந்துகொண்டது. மாதேவிக்குத் தமிழ் தெரியாது. ஏதோ பாட்டு என்று நினைத்து அவளும் தலையை ஆட்டினாள்.

இரண்டு கூட்டமும் நெருங்கிக்கொண்டே வந்து ஒன்றாகின. நாகேஷ் படகிலிருந்து குதித்து இடுப்பளவுத் தண்ணீரில் ஓடினார். மரமிதவைகள் கரை தொட்டன. பிறகு வலையின் பை வந்தது. அதை எப்படிச் சொல்வது? தண்ணீர் கொதித்தது. வெள்ளியும் நீலமும் பச்சையும் ஒன்றின் மேல் ஒன்று குதித்தன. அந்தச் சத்தம், ஒரு அரங்கம் நிறைய ஆட்கள் கை தட்டுகிற சத்தம். எல்லோரும் சிரித்தார்கள். நான் முழங்கால் வரை மீனுக்குள் நின்றேன். ஒன்று என் பேண்ட் பாக்கெட்டில் போய் விழுந்தது. அக்கா திட்டுவதை நிறுத்தியிருந்தாள். வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாகேஷ் மீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். வாக்கு என்றால் அந்த ஆளுக்கு வாக்குதான். முன்பக்கக் கொக்கியில் தன் கையாலேயே முடிச்சுப் போட்டார். தென்னை மட்டைகளைச் சக்கரங்களுக்கு முன்னால் அடுக்கச் சொன்னார். அக்கா ஜன்னல் வழியாக உள்ளே ஏறினாள். கடைசி சீட்டு இருந்த இடத்தில் இப்போது கடல் இருந்தது. சாவியைத் திருப்பினாள். இருமியது. மறுபடி இருமியது. மூன்றாவது முறை பின்னால் தண்ணீர் குமிழ் விட்டு, கறுப்புப் புகை கக்கி, பிடித்துக்கொண்டது. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். நேரமில்லை.

முதல் இழுப்புக்கு வண்டி அசையவில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. நாகேஷ் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். கடலைப் பார்த்தார். சின்ன அலைகளை விட்டுவிட்டார். பெரியது ஒன்று உருண்டு வந்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கியது. அந்தக் கணத்தில் கையை இறக்கினார்.

நாற்பது பேரும் இன்ஜினும் கடலும் ஒரே பக்கம். மணல் ஒரு பெரிய முத்தம் கொடுத்தது போல் சத்தம் போட்டுப் பிடியை விட்டது. வண்டி மட்டைகளின் மேல் ஏறி, வழுக்கி, மறுபடி ஏறி, நாங்கள் பின்னால் ஓட ஓட, தென்னைகளுக்கு அடியில் போய் நின்றது. கதவுகள் வழியாகத் தண்ணீர் ஊற்றியது. அக்கா இறங்கி வந்து முன்கண்ணாடிக்கு முத்தம் கொடுத்தாள். பிறகு நாகேஷின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

மாதேவிதான் ஆரம்பித்தாள். வண்டியின் பக்கத்தில் தட்டினாள், தர்பூசணி தட்டிப் பார்ப்பது போல.

"இதுவும் கயிறுலதான வந்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். கயிறு கரைக்குக் கொண்டுவருவது எதுவானாலும், கயிறு பிடித்தவர்கள் எல்லோருக்கும் அதில் பங்கு. வலைக்குப் பங்கு, படகுக்குப் பங்கு, ஒவ்வொரு ஆளுக்கும் பங்கு. எங்கள் இருவருக்கும் மீனில் பங்கு உண்டு, குவியல் பிரித்தாகிவிட்டது. அதேபோல் வண்டியில் அவர்களுக்குப் பங்கு.

"பயப்படாத மாராய்தி" என்றாள் அக்காவிடம், தோழியைக் கூப்பிடும் குரலில். "சக்கரத்தக் கழட்ட மாட்டோம். சந்தைக்கு ஒரு தரம் போயிட்டு வா, போதும்."

விஷயம் இதுதான். இவ்வளவு மீன், ஐஸ் இல்லை. மழைக்காலம் என்று சந்தை டெம்போ வருவதில்லை. பஸ்ஸில் கண்டக்டர் கூடையை ஏற்ற மாட்டான். மதியத்துக்குள் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகாவிட்டால் பாதி உரமாகிவிடும்.

அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"மித்ரா. ஆதிகேசவன் மூக்கு."

"சமைக்கக் கூடாதுன்னுதான சொன்னாரு?"

"ஒரு கூட ஏறினா போதும்டி. ஆறு மாசம் நாறும். தீவாளிக்கும் நாறும். தண்ணி ஏறினதையாவது கழுவிக் காய வெச்சுரலாம். இது போகாது. இப்படியே கெளம்பிட்டா யாரும் கேக்க மாட்டாங்க."

சரிதான். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மாதேவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், நாகேஷ் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு முடிகிற அதே இடம். நாங்கள் கிளம்பிப் போனால் அவர்கள் சிரித்துவிட்டு மீனைத் தலையில் தூக்கியிருப்பார்கள்.

நான் பக்கக் கதவைத் தள்ளித் திறந்தேன்.

"ஏத்துங்க" என்றேன்.

அக்கா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அடுத்த நிமிடம் அவள்தான் கூடைகளை எப்படி அடுக்குவது என்று எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். கட்டில்களின் மேல் கூடை, கீழே கூடை, சமையல் மேடையின் மேல் கூடை. மிச்ச இடத்தில் பெண்கள். டெம்போ டிராவலர் தன் பழைய வேலைக்குத் திரும்பியிருந்தது. ஒரு வித்தியாசம், இதில் யாரும் தூங்கவில்லை. கூரை மூடியைப் பார்த்து இது எதற்கு என்றார்கள். வானம் பார்க்க என்றேன். வீட்டு ஓடு உடைந்தால் நாங்களும்தான் பார்க்கிறோம் என்றாள் ஒருத்தி. ஊர்த் தெருவில் போகும்போது அக்கா விடாமல் ஹாரன் அடித்தாள். மூடிய கடைகளுக்குப் பின்னாலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இந்த முறை நாய் எழுந்து வழிவிட்டது. பின்னாலேயே ஓடியும் வந்தது.

சந்தையில் கூடைகள் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஆதிகேசவனுக்கு போன் செய்தேன். அக்கா வேண்டாம் என்று சைகை காட்டினாள். காபித்தூள், எலுமிச்சை, சாம்பிராணி என்று அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. மறைத்துவைத்து ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. கடல், கயிறு, பங்கு, மீன் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில் மேலும் மீன் இருந்தது என்றேன். அவருக்குப் பின்னால் சரசு மாமி என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடுப்புல வெக்கலையே?" என்றார் ஆதிகேசவன் கடைசியில்.

"இல்ல சார்."

"கூரை ஒழுகித்தா?"

"ஒரு சொட்டு இல்ல சார்."

"ஞாயித்துக்கிழமை வரோம். நான் பாக்கப்போறதில்ல, இவதான் பாக்கப்போறா. இவளுக்கு மூக்கு ரொம்ப ஜாஸ்தி. மூக்குக்குத் தெரிஞ்சா வேண்டாம். தெரியலைன்னா சரி. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

வைத்துவிட்டார். அவ்வளவுதான் கிடைத்தது. சரியும் இல்லை, வேண்டாமும் இல்லை.

போனைப் பாக்கெட்டில் போடுவதற்குள் கிரண் கூப்பிட்டான். என் விரல்களில் செதில். போன் திரை எதற்கும் அசையவில்லை. அக்கா தன் முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மித்ரா, மண்டே கன்ஃபர்ம் பண்ணும்மா. ஹெச்.ஆர் கேட்டுட்டே இருக்காங்க. என்ன அங்க அவ்வளவு சத்தம்?"

"மீன் எறக்கிட்டு இருக்கோம்."

"என்னது?"

மாதேவி கூடையை இறக்கிவிட்டு நின்று கேட்டாள், யார் இது, புருஷனா என்று. இல்லை, ராத்திரி வேலை என்றேன். வேலையா போன் பண்ணுகிறது, எங்கள் வேலை கூப்பிட்டால் கடலில் கறுப்பாகத் தெரியும் என்று அவள் பக்கத்துப் பெண்ணிடம் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரசு மாமியின் மூக்கு ஜெயித்தால் எனக்கு வீடு திரும்ப ஒரு கதவு உண்டு, அவளுக்கு இல்லை. காலையில் சொன்னதை அவள் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

"கிரண், அந்த சீட்ட வேற யாருக்காவது குடுத்துரு."

"ஏய், யோசிச்சு சொல்லு. இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

"யோசிச்சாச்சு. வெக்கிறேன். கை பூரா மீன்."

அக்கா என் பங்குக் கூடையையும் தன் பங்குக் கூடையையும் மாதேவியிடம் கொடுத்து, விற்றுக்கொள் என்றாள். அவள் அதில் ஆறு மீனைத் திருப்பித் தாமரை இலையில் சுற்றிக் கொடுத்தாள். கூரை மேல் கட்டிக் கொண்டுபோவோம் என்று முடிவு செய்தோம். உள்ளே வைக்க இனி தைரியம் இல்லை.

வானம் மறுபடி கறுத்தது. சந்தைக்குப் பின்னால் ஒரு சரிவான காலி இடம். உள்ளே விழும் மழைத்தண்ணீர் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு பின்கதவு வழியாக ஓடிவிடும்படி, வண்டியின் மூக்கு மேலே, பின்பக்கம் கீழே இருக்க நிறுத்தினோம். மெத்தைகளைத் தூக்கி வெளியே போட்டோம். பக்கக் கதவு, பின்கதவு, எல்லா ஜன்னலும் திறந்தோம். முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன, ஒவ்வொன்றும் எட்டணா அளவு.

"அந்த மூக்கு வேணாம்னு சொல்லிட்டா?" என்றாள் அக்கா, துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு.

"வேற மூக்கு தேடணும்."

உள்ளே ஏறி நின்றேன். மாதக்கணக்கில் பசை பூசிப் பூசி, ஒரு சொட்டு இறங்காமல் காத்த கூரை மூடி தலைக்கு மேலே இருந்தது. கொக்கியை விடுவித்து, முழுவதுமாகத் தூக்கித் திறந்தேன்.